ஏலத்துக்கு வருகிறவர்கள் எல்லாரும் அடிமாட்டு விலைக்குத்தான் வருகிறார்களா?

வாசகர் ஒருவர் எழுதியது:

"வீட்டில் சும்மா கிடந்த பழைய ஃபிலிம் கேமராவை ஆன்லைன் ஏலத்தில் போட்டேன். கீறல்கூடக் கிடையாது. ஏழு நாள் ஏலம். 31 பேர் கவனிப்புப் பட்டியலில் வைத்திருந்தார்கள். கடைசியில் விலை கேட்டவர்கள் மூன்றே பேர். நான் எதிர்பார்த்ததில் மூன்றில் ஒரு பங்குக்குப் போனது. ஏலத்துக்கு வருகிறவர்கள் பொருள் வாங்க வருவதில்லை, பொறுக்க வருகிறார்கள். நல்ல பொருளை ஏலத்தில் போடுவது முட்டாள்தனம். இல்லை என்று சொல்ல யாராவது உண்டா அண்ணா?"

மார்ச் 2, இரவு

உண்டு. பதினைந்து வருடமாகப் பழைய கேமராவும் லென்ஸும் விற்கிறேன். விற்றதைவிட வாங்கியது அதிகம் (வீட்டில் கேட்டால் இதைத் திருப்பிச் சொல்வேன்).

ஒன்று மட்டும் சொல்லுங்கள் தம்பி. எதிர்பார்த்தேன் என்கிறீர்களே, அந்த எதிர்பார்ப்பு எங்கிருந்து வந்தது? கேமராவின் பெயரைத் தட்டித் தேடியிருப்பீர்கள். மற்றவர்கள் என்ன விலை போட்டிருக்கிறார்கள் என்று பார்த்திருப்பீர்கள். அதற்குக் கொஞ்சம் குறைவாக ஒரு தொகையை மனதில் வைத்துக்கொண்டு, நாம் நியாயமான ஆள் என்றும் நினைத்திருப்பீர்கள். கோளாறு அங்கேதான். தேடும்போது கண்ணில் படுவதெல்லாம் யாரும் கொடுக்காத விலைகள். சரியான விலை போட்டவருடைய கேமரா இரண்டு நாளில் விற்றுப் பட்டியலிலிருந்து மறைந்துவிடும். யானை விலை போட்டவருடையது எட்டு மாதமாக அங்கேயே நிற்கும். அப்படி நிற்கிறவற்றைப் பார்த்துத்தான் நீங்கள் கணக்குப் போட்டிருக்கிறீர்கள்.

விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டு என்று ஒரு வடிகட்டி இருக்கும். அதை அழுத்திப் பாருங்கள். கொஞ்சம் வலிக்கும்.

மார்ச் 2, இன்னும் கொஞ்ச நேரம் கழித்து

அந்த 31 பேரை நம்பாதீர்கள். பாதிப் பேர் அதே கேமராவை விற்க வைத்திருப்பவர்கள், உங்களுடையது எவ்வளவுக்குப் போகிறது என்று வேவு பார்க்கிறவர்கள். என்னை எடுத்துக்கொள்ளுங்கள், இப்போது நாற்பது பொருள்களைக் கவனிக்கிறேன். வாங்கும் எண்ணம் இரண்டில்தான்.

மார்ச் 3

காலையில் படித்துப் பார்த்தால் நான் எழுதியது கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கிறது. என் கதையைச் சொல்கிறேன், சரியாகிவிடும்.

நான் முதலில் விற்றது ஒலிம்பஸ் ட்ரிப் 35. 1967இல் வந்த கேமரா, பேட்டரி வேண்டாம். லென்ஸைச் சுற்றி வளையமாக, வெளிச்சத்தை அளக்க ஒரு செலினியம் மீட்டர் இருக்கும், வெளிச்சத்திலிருந்தே அது மின்சாரம் எடுத்துக்கொள்ளும். என் கல்லூரிக் காலம் முழுக்க அதில்தான் இருந்தது. நான் போட்ட விலையில் கேமராவுக்குப் பாதி, கல்லூரிக்குப் பாதி. விளக்கத்தில் "மிகவும் அன்பாகப் பராமரிக்கப்பட்டது" என்று வேறு எழுதியிருந்தேன்.

ஒருவர் ஒரே வரியில் கேட்டார்: "சிவப்புக் கொடி வருகிறதா?"

வேறு ஒன்றும் இல்லை. வணக்கம் இல்லை, கேமரா அழகாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை இல்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சிவப்புக் கொடி என்பது வேறொன்றுமில்லை: அந்தக் கேமராவில் வெளிச்சம் போதாவிட்டால் பொத்தான் அமுங்காது, வியூஃபைண்டரில் சிவப்பாக ஒரு துண்டு எட்டிப் பார்க்கும். லென்ஸைக் கையால் மூடிக்கொண்டு அழுத்தினால் கொடி வர வேண்டும். வந்தால் மீட்டருக்கு உயிர் இருக்கிறது. வராவிட்டால் பெரும்பாலும் அது காட்சிப் பொருள்தான். இவ்வளவு வருடம் வைத்திருந்த எனக்குத் தெரிந்த விஷயம்தான், ஆனால் விற்கும்போது எழுதத் தோன்றவில்லை. அவர் கேட்டது சரியான கேள்வி. எனக்கு அது பெண் பார்க்க வந்தவர் பல்லை எண்ணிய மாதிரி இருந்தது.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்று நாம் சொல்வதைச் சிலர் சோதனை வைத்தே பார்த்திருக்கிறார்கள். கானமன், நெட்ச், தேலர் என்ற மூன்று பேர் 1990இல் வெளியிட்டது. மாணவர்களில் பாதிப் பேருக்குக் காபி குவளை ஒன்றைச் சும்மா கொடுத்துவிட்டு, எவ்வளவு கிடைத்தால் விற்பீர்கள் என்று கேட்டார்கள். குவளை கிடைக்காதவர்களிடம் எவ்வளவு கொடுத்து வாங்குவீர்கள் என்று கேட்டார்கள். விற்பவர்கள் சொன்னது வாங்குபவர்கள் சொன்னதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அது பாட்டி கொடுத்த குவளை இல்லை, கைக்கு வந்து சில நிமிடம்தான் ஆகியிருந்தது. அப்படியானால் என் ட்ரிப் 35க்கு நான் சொன்ன விலையை யோசித்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 3, மாலை

"எல்லா விற்பனையாளரும் இப்படி இல்லை, கடைக்காரர் இப்படி அழுவதில்லையே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயம்தான். ஜான் லிஸ்ட் என்பவர் விளையாட்டு வீரர் படஅட்டை விற்கும் சந்தைகளில் போய்ப் பார்த்திருக்கிறார், 2003இல் வெளியானது. கைமாற்றிக் கைமாற்றிப் பழகியவர்களிடம் இந்தப் பொன் குஞ்சு வியாதி மிகவும் குறைவு. புதிதாக வருகிறவர்களிடம்தான் அதிகம். ஆக மருந்து ஒன்று உண்டு: நிறைய விற்பது. எனக்கு அது பாதிதான் வேலை செய்திருக்கிறது. மற்றவர் கேமராவை வாங்கி விற்கும்போது நான் கல் நெஞ்சன். என்னுடையதை விற்கும்போது இன்னும் அந்தக் காக்கைதான்.

மார்ச் 5

இன்று வாங்குகிறவர் பக்கம். நீளமாகப் போகும்.

குறைவாகக் கேட்கிறவர் எல்லாரும் கஞ்சர் என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். நான் விலை கேட்கும்போது என் தலைக்குள் என்ன ஓடுகிறது என்று எழுதுகிறேன். லென்ஸுக்குள் பூஞ்சை இருக்கலாம், படத்தில் தெரியாது. வேகமான ஷட்டர் சரியாக இருந்தாலும் ஒரு நொடி, அரை நொடி வேகங்களில் எண்ணெய் உறைந்து திக்கலாம். பின் கதவில் வெளிச்சம் புகாமல் தடுக்கிற பஞ்சு உளுத்துப் போயிருக்கும், அது நிச்சயம். 70களின் கேமராவாக இருந்தால் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்யப்பட்டதாக இருக்கலாம். அந்தப் பேட்டரி இப்போது விற்பனையில் இல்லை. 1.5 வோல்ட்டைப் போட்டால் பல கேமராக்களில் மீட்டர் பொய் சொல்லும். இத்தனைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துக்கொண்டே வருவேன். கடைசியில் மீதி நிற்பதுதான் நான் கேட்கிற விலை. விற்பவர் கண்ணுக்கு அது அவமானம், எனக்கு அது கழித்தல் கணக்கு.

விற்பவருக்குத் தன் கேமராவைத் தெரியும். எனக்குத் தெரியாது. தெரியாத இடத்தில் மோசமானதாக இருக்கும் என்று வைத்துத்தான் விலை கேட்க முடியும். அப்படி எல்லாரும் கேட்டால் நல்ல கேமரா வைத்திருப்பவர் "இந்த விலைக்கு எதற்கு" என்று ஏலத்தை விட்டுப் போய்விடுவார். அப்புறம் மிஞ்சுவது மோசமானவைதான், விலை இன்னும் இறங்கும். பழைய கார் சந்தையை வைத்து ஜார்ஜ் ஆகர்லாஃப் 1970இல் எழுதியது இதுதான். மூன்று ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பிய பிறகு நான்காவதில் வந்தது. 2001இல் அவருக்கு நோபல் கிடைத்தது. (முதல் மூன்று பேரும் அடிமாட்டு விலைக்குக் கேட்டிருக்கிறார்கள் என்று சொல்லலாம்.)

எனவே தம்பி, உங்கள் விளம்பரத்தை நானும் போய்ப் பார்த்தேன். இரண்டு படம். விளக்கத்தில் "சோதித்துப் பார்க்கவில்லை, வேலை செய்யும் என்று நினைக்கிறேன்" என்று இருக்கிறது. நீங்கள் அதை நேர்மையாகத்தான் எழுதினீர்கள். ஆனால் இந்தத் தொழிலில் "சோதிக்கவில்லை" என்றால் "சோதித்தேன், ஓடவில்லை" என்றுதான் எல்லாரும் படிப்பார்கள். அந்த ஒரு வார்த்தையே விலையில் பாதியைச் சாப்பிட்டிருக்கும்.

மார்ச் 5, பின்குறிப்பு

கொஞ்சம் சிரிக்க: ஈபே என்ற ஏலத் தளம் 1995 செப்டம்பரில் தொடங்கியபோது முதலில் விற்ற பொருள் உடைந்த லேசர் சுட்டி ஒன்று, 14.83 டாலர். நிறுவனர் பியர் ஒமிடியார் வாங்கியவரைத் தொடர்புகொண்டு "இது உடைந்தது என்று தெரியுமா?" என்று கேட்டாராம். உடைந்த சுட்டிகளைத்தான் சேகரிக்கிறேன் என்று பதில் வந்ததாம். அந்த ஆளுக்கு நீங்கள் "சோதிக்கவில்லை" என்று எழுதியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

அந்தத் தளமே ஒமிடியாரின் வருங்கால மனைவி 'பெஸ்' என்ற மிட்டாயின் டப்பாக்களைச் சேகரிப்பதற்காகத் தொடங்கப்பட்டதுதானே. சேகரிப்புப் பைத்தியத்தில் பிறந்த சந்தை.

மார்ச் 6

மேலே எழுதிய மிட்டாய் டப்பா கதை பொய். பத்திரிகைகள் கண்டுகொள்ளவில்லை என்பதற்காக விளம்பரப் பிரிவில் உருவாக்கிய கதை, பின்னால் அவர்களே ஒப்புக்கொண்டுவிட்டார்கள். சுட்டிக்காட்டியவருக்கு நன்றி. இத்தனை வருடமாக நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். விற்பனை விளக்கத்தை நம்பாதே என்று ஊருக்குச் சொல்கிறவன் இதை நம்பியிருக்கிறேன்.

மார்ச் 8

இரண்டு நாளாக யோசித்ததில் மார்ச் 2இல் எழுதியதும் பாதி தப்பு என்று தோன்றுகிறது.

எட்டு மாதமாக நிற்கிற விலைகள் எல்லாம் யாரும் கொடுக்காத விலைகள் என்றேன். சில நேரம் கொடுக்கிறார்கள். ஒன்பதாவது மாதம் ஒருவர் வருவார், அதே கேமராவைத் தன் சின்ன வயதில் பார்த்தவராக இருப்பார், பேரமே பேசாமல் வாங்கிப் போவார். என் நண்பர் ஒருவர் இப்படித்தான் தொழில் செய்கிறார். அவருக்கு அவசரம் கிடையாது, அலமாரியில் இடம் உண்டு. நிலையான விலை போடுகிறவருக்கு ஒரே ஒரு ஆள் போதும், ஆனால் அந்த ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

ஏலத்தில் ஒருவர் போதாது. இரண்டு பேர் வேண்டும்.

இதைத்தான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஆன்லைன் ஏலத்தில் நாம் அதிகபட்சம் எவ்வளவு தருவோம் என்று தளத்திடம் சொல்லிவைக்கிறோம். அது நமக்காகத் தேவையான அளவு மட்டும் ஏற்றிக்கொண்டே போகும். நான் ஆயிரம் என்று சொல்லிவைத்து, எனக்கு அடுத்தவர் முந்நூறில் நின்றுவிட்டால், முந்நூறுக்கு ஒரு படி மேலே எனக்குக் கிடைத்துவிடும். மீதி ஏறக்குறைய எழுநூறு நான் கஞ்சன் என்பதால் மிச்சமானதில்லை. கொடுக்கத் தயாராகத்தான் இருந்தேன், கேட்க ஆள் இல்லை. அதிகமாகக் கேட்டவர் இரண்டாமவர் சொன்ன விலையைக் கொடுத்தால் போதும் என்ற ஏல முறையை அலசி வில்லியம் விக்ரி 1961இலேயே எழுதிவிட்டார். அந்த முறையில் தன் மனதிலிருக்கும் உண்மையான விலையைச் சொல்வதுதான் வாங்குகிறவருக்கு லாபம் என்று காட்டினார். 1996இல் நோபல் அறிவிக்கப்பட்ட மூன்றாம் நாள் இறந்துபோனார், பாவம்.

ஆக உங்கள் கேமராவின் விலையை முடிவு செய்தது வாங்கிப் போனவர் இல்லை. தோற்றுப்போன இரண்டாமவர். நீங்கள் திட்டிக்கொண்டிருக்கிற ஆள் மூன்று மடங்கு கொடுக்கத் தயாராக இருந்திருக்கலாம். உங்களுக்கும் எனக்கும் அது தெரியப்போவதில்லை.

மார்ச் 8, இரவு

"அப்படியானால் ரிசர்வ் விலை வைத்துவிட வேண்டியதுதானே, அதற்குக் கீழே போனால் விற்க மாட்டேன் என்று?" நல்ல கேள்வி. வைக்கலாம். ஆனால் பியூலோ, கிளெம்பரர் என்ற பொருளாதார அறிஞர்கள் இருவரும் 1996இல் கணக்குப் போட்டுக் காட்டியது: எவ்வளவு சாமர்த்தியமாக ரிசர்வ் வைத்தாலும், அதைவிட ஏலத்தில் இன்னும் ஒரே ஒரு ஆள் கூடுதலாக வந்து நிற்பது விற்பவருக்கு நல்லது. ரிசர்வ் வைக்க மூளையைக் கசக்குகிற நேரத்தில் இன்னும் நான்கு படம் எடுத்துப் போடுங்கள், ஆள் வரும். அடிமட்டத்தில் தொடங்கினாலும் ஆள் வரும். வந்து ஒரு தடவை கேட்டுவிட்டால் விட்டுப் போக மனசு வராது, கூட்டத்தைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் வருவார்கள்.

மார்ச் 9

நேற்று எழுதியதை நம்பி யாரும் அரிய பொருளை அடிமட்டத்தில் தொடங்கிவிடாதீர்கள். எனக்கு நடந்தது.

ஒரு பழைய லென்ஸ். எந்தக் கேமராவில் பொருந்தும் என்பதே பலருக்குத் தெரியாது, தெரிந்தவருக்கு உயிர். கூட்டம் வரும், சண்டை போடுவார்கள் என்று ஒரு தேநீர் விலையில் தொடங்கினேன். ஒருவர் கேட்டார். அவ்வளவுதான். ஏழு நாளும் தினமும் பத்துத் தடவை திறந்து பார்த்தேன். அந்த ஒருவரும் அந்த ஒரு விலையும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம், முடிந்தது. அனுப்பிவைத்த பெட்டியும் டேப்பும் லென்ஸைவிட அதிகம். பொருள் போய்ச் சேர்ந்ததும் அவர் எழுதிய நன்றிக் கடிதம் இருக்கிறதே, இரண்டு பக்கம். ஆறு வருடமாகத் தேடிக்கொண்டிருந்தாராம். கண்ணீர் வந்ததாம். எனக்கும் வந்தது.

கூட்டம் இருக்கிற பொருளுக்குத்தான் அடிமட்டத் தொடக்கம். ஆள் இல்லாத பொருளுக்கு அது அன்னதானம்.

மார்ச் 9, மதியம்

கடைசி நொடியில் வந்து அடித்துப் போகிறவர்களைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அவர்களைத் திருடர் மாதிரிப் பேசுகிறோம். ஆல்வின் ராத், அக்செல் ஆக்கென்ஃபெல்ஸ் இருவரும் 2002இல் இதை ஆராய்ந்தார்கள். அந்தக் காலத்தில் அமேசானிலும் ஏலம் இருந்தது. அங்கே கடைசி நேரத்தில் யாராவது கேட்டால் ஏலம் தானாக நீளும், பத்து நிமிடம் யாரும் வாய் திறக்காவிட்டால்தான் முடியும். ஈபேயில் சொன்ன நேரத்தில் டக்கென்று முடிந்துவிடும். கடைசி நேரப் பாய்ச்சல் ஈபேயில்தான் மிக அதிகமாக இருந்தது. அதுவும் கணினிகளைவிடப் பழம்பொருள்களில் அதிகம். காரணம் எனக்கு நன்றாகத் தெரிந்ததுதான். விஷயம் தெரிந்தவர் முதல் நாளே கேட்டால் "ஓகோ, இவரே கேட்கிறார் என்றால் நல்ல பொருள்தான்" என்று மற்றவர்கள் பின்னால் வருவார்கள். அதனால் அவர் கடைசிவரை மூச்சு விட மாட்டார். இதைக் கஞ்சத்தனம் என்று சொல்ல மாட்டேன், தான் கற்ற பாடத்தை இலவசமாகக் கொடுக்க அவருக்கு இஷ்டமில்லை.

வாங்குகிறவர்களுக்கு என் யோசனை: அதிகபட்சம் எவ்வளவு என்று முடிவு செய்து போட்டுவிட்டுத் தூங்கப் போங்கள். பாய்கிறவர் உங்கள் விலையைத் தாண்டினால் அவருக்குப் போகட்டும்.

மார்ச் 9, இரவு 11.40

தூங்கப் போகவில்லை. நான்கு நொடி மிச்சமிருக்கும்போது போய்விட்டது. எதுவும் கேட்காதீர்கள்.

மார்ச் 12

முதல் கேள்விக்குத் திரும்புகிறேன். ஏலத்துக்கு வருகிறவர்கள் சல்லிசாக அடிக்கத்தான் வருகிறார்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். அடிக்கிறார்களா?

மால்மெண்டியர், லீ என்ற இருவர் 2011இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு பலகை விளையாட்டின் ஏலங்களைப் பார்த்திருக்கிறார்கள். அதே விளையாட்டு, அதே தளத்தில், அதே நேரத்தில், நிலையான விலைக்கும் கிடைத்துக்கொண்டிருந்தது. ஒரு சொடுக்கு தூரம். ஆனாலும் ஏலங்களில் 42 சதவீதம் அந்த நிலையான விலையைத் தாண்டி முடிந்திருக்கின்றன. பேரம் அடிக்க வந்து கடையை விட அதிகம் கொடுத்துப் போயிருக்கிறார்கள்! கேட்டவர்களில் பெரும்பாலோர் இப்படித் தவறவில்லை என்பதும் அதே கட்டுரையில் இருக்கிறது. தவறுகிறவர் சிலர்தான். ஆனால் ஏலம் என்பது அந்தச் சிலரைத் தேடிக் கண்டுபிடித்து ஜெயிக்க வைக்கிற இயந்திரம்.

இதற்கு ஜெயித்தவர் சாபம் என்று பெயர். 1971இல் மூன்று எண்ணெய்க் கம்பெனிப் பொறியாளர்கள் எழுதினார்கள்: கடலுக்கடியில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, எல்லாரும் மதிப்பிடுகிறார்கள், மிகவும் அதிகமாக மதிப்பிட்டவர் ஏலத்தில் ஜெயிக்கிறார், ஜெயித்ததாலேயே நஷ்டப்படுகிறார். இதில் என் பிரியமான ஆள் டிடியஸ் யூலியானஸ். கி.பி. 193இல் ரோமின் மெய்க்காவல் படை பேரரசையே ஏலம் விட்டபோது அதிகம் கேட்டு வாங்கியவர். 66 நாள் ஆண்டார், அப்புறம் கொன்றுவிட்டார்கள். பொருளைத் திருப்பிக் கொடுக்கும் வசதி அப்போது இல்லை.

என்னுடைய சாபம் சின்னது. ஒரு கை லைட் மீட்டர், பழைய மாடல். அதிசயமாக மலிவு. நான் மட்டும்தான் கேட்டேன், கிடைத்ததும் துள்ளிக் குதித்தேன். அப்புறம் பில்லைப் பார்த்தால் அனுப்பும் செலவு மீட்டரைப்போல மூன்று மடங்கு. எழுதித்தான் இருந்தது, மறைக்கவில்லை. நான் பார்க்கவில்லை. ஹொசைன், மார்கன் இருவர் 2006இல் வெளியிட்ட சோதனையில் இந்த மாதிரி ஆள்கள் நிறையப் பேர் அகப்பட்டிருக்கிறார்கள். மொத்தம் ஒரே தொகை வருகிற மாதிரி, தொடக்க விலையைக் குறைத்து அனுப்பும் செலவை ஏற்றி வைத்த ஏலங்களுக்குக் கூட்டமும் அதிகம், பொதுவாக வருமானமும் அதிகம். பேரக் கண்ணுக்கு ஒரு எண்தான் தெரியும் போலிருக்கிறது.

மார்ச் 14

இவ்வளவு நேரம் வாங்குகிறவர்களுக்காக வாதாடினேன். இன்று வந்த ஒரு மெசேஜைப் பார்த்ததும் வக்காலத்தை வாபஸ் வாங்கத் தோன்றுகிறது.

போன வாரம் ஒரு ஃபிளாஷ் விற்றேன். ஐந்து பேர் போட்டி, நல்ல விலை. ஜெயித்தவர் எழுதுகிறார்: "கடைசி விலை என்ன?" ஐயா, ஏலம் முடிந்துவிட்டது, நீங்கள் கேட்ட விலைதான் கடைசி விலை. "இல்லை, எனக்கு என்ன விலைக்குக் கொடுப்பீர்கள்?" நான்கு நாளாக இது ஓடுகிறது. பணமும் வரவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இரண்டாமவருக்கு எழுதினேன், அவர் அதற்குள் வேறு வாங்கிவிட்டார்.

இன்னொரு வகை, பொருள் போய்ச் சேர்ந்த பிறகு தொடங்கும். "அடியில் ஒரு கீறல் இருக்கிறது. திருப்பி அனுப்ப மாட்டேன், கால் பங்கு பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் நல்ல மதிப்பீடு தருகிறேன்." அந்தக் கீறல் என் மூன்றாவது படத்தில் வட்டம் போட்டே காட்டப்பட்டிருக்கும். இவர்களைத் திட்டி எழுதவும் வழி குறைவு. ஈபே 2008இலேயே விற்பவர் வாங்குபவருக்கு மோசமான மதிப்பீடு தர முடியாது என்று மாற்றிவிட்டது. பழி வாங்கிவிடுவார் என்று பயந்து வாங்குபவர்கள் உண்மையைச் சொல்லாமல் இருந்தார்கள் என்பது காரணம், அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் நம் கை கட்டப்பட்டது கட்டப்பட்டதுதான். நல்ல பெயர் நமக்குத்தான் வேண்டியிருக்கிறது. பழைய தபால் அட்டைகளை வைத்துச் செய்த ஒரு சோதனை 2006இல் வந்தது: ஒரே விற்பனையாளர், ஒரே மாதிரிப் பொருள், பெயர் பெற்ற கணக்கிலும் புதுக் கணக்கிலும் விற்றுப் பார்த்தார். பெயர் பெற்ற கணக்குக்கு 8.1 சதவீதம் அதிகம் கிடைத்தது. அந்த எட்டுக்காகத்தான் கால் பங்கைத் திருப்பிக் கொடுக்கிறேன். எந்தக் கணக்கிலும் இது சேர்த்தி இல்லை, தெரிந்தேதான் செய்கிறேன்.

தம்பி, நீங்கள் சொன்ன "பொறுக்க வருகிறவர்கள்" இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் ஏலத்தில் குறைவாகக் கேட்கிறவர்கள் இல்லை. ஏலம் முடிந்த பிறகு பேச ஆரம்பிக்கிறவர்கள்.

மார்ச் 15

ஏலமா நிலையான விலையா என்று தனியாகக் கேட்டவருக்குச் சுருக்கமாக: தினமும் பத்துப் பேர் விற்கிற மாடல் என்றால் விலை ஏற்கெனவே எல்லாருக்கும் தெரியும், ஏலத்துக்கு வேலை இல்லை, விலையைப் போட்டுப் பேரத்துக்கு இடம் வையுங்கள். விலை என்ன என்று யாருக்கும் தெரியாத, ஆனால் விரும்புகிறவர் இரண்டு பேராவது இருக்கிற பொருளுக்கு ஏலம். இரண்டு பேர் இருக்கிறார்களா என்று தெரியாவிட்டால் அலமாரி.

மார்ச் 19

முதலில் எழுதிய தம்பி திரும்ப வந்திருக்கிறார். வீட்டில் இன்னொரு கேமரா இருந்ததாம், அதுவும் ட்ரிப் 35. ஃபிலிம் போட்டுச் சோதித்து, கொடி எட்டிப் பார்க்கிறதைப் படம் எடுத்து, ஒன்பது படங்களோடு ஏலத்தில் போட்டாராம். ஆறு பேர் கேட்டிருக்கிறார்கள். முதல் கேமராவைப்போல இரண்டு மடங்கு வந்திருக்கிறது. சந்தோஷமா என்றால் இல்லை. "இன்னும் வந்திருக்கணும் அண்ணா" என்கிறார்.

மார்ச் 21

அவரோடு பேசிக்கொண்டிருந்ததில் எனக்கும் ஆசை வந்துவிட்டது. நான் விற்ற ட்ரிப் 35 போன்ற ஒன்று, அதே மாதிரித் தோல் உறையோடு ஏலத்தில் நிற்கிறது. இரண்டு படம். "எங்கள் குடும்பத்தில் எல்லாருடைய கல்யாணத்தையும் பார்த்த கேமரா" என்று எழுதியிருக்கிறார். தொடக்க விலை யானை விலை.

சிவப்புக் கொடி வருகிறதா என்று கேட்டு எழுதினேன்.

மார்ச் 22

பதில் வந்திருக்கிறது. "வாங்குகிற எண்ணம் இருந்தால் மட்டும் கேள்வி கேளுங்கள்."